மஞ்சள் பெட்டி நீதிபதி

1937 ஏப்ரல் 9, வெள்ளி

காலையில் வீட்டுக்காரரிடம் என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டேன். வத்தக்குழம்பு என்றார். புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றிய பிறகு, மோர்க்குழம்பு வைத்தால் என்ன என்றார். இலையில் உட்கார்ந்ததும், "ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். இந்த மனிதர்தான் நம் ஊருக்கு நீதிபதியாக நிற்கிறார்.

ஊருக்குப் பஞ்சாயத்துக் கோர்ட் வந்திருக்கிறது. சில்லறைத் திருட்டு, ஆடு மாடு, வாய்ச்சண்டை, வேலித் தகராறு இதற்கெல்லாம் இனித் திருமயம் வரை நடக்க வேண்டாமாம். இங்கேயே சாவடியில் விசாரித்துக்கொள்ளலாம். விசாரிக்கிறவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளை வேட்டியும் கனத்த தொண்டையும் போதும் போலிருக்கிறது. இரண்டும் இவரிடம் உண்டு.

கிளப்பிவிட்டது கொழுந்தன் குழந்தைசாமி. "அண்ணே, நீங்க சும்மா நில்லுங்க. கீழத்தெரு பூரா என் மாமனார் வகையறா. ஒரு ஓட்டு சிந்தாம வாங்கித் தாரேன்" என்றான். அன்றைக்கு நிமிர்ந்த முதுகு இன்னும் குனியவில்லை.

நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி, இவருக்கு மஞ்சள் பெட்டி. புதுக்கோட்டையில் அச்சடித்து நோட்டீசு வந்திருக்கிறது. பேர் பெரிய எழுத்தில். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். நான் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். திருக்கோகர்ணத்தில் பிறந்து, ஐந்தாம் பாரம் வரை படித்து, இங்கிலீஷ் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவள், இதை நம்புவேனா? நம்பவில்லை. ஆனால் இந்த நோட்டில் எழுதிப் பார்க்கலாமென்று பேனாவை வைத்தேன், கை வரவில்லை. எதற்கு வம்பு. 'நீதிபதி' என்றே எழுதிக்கொள்கிறேன். தோற்றுப்போனாலும் அப்படியே இருக்கட்டும், நோட்டுக்குள் யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

ஏப்ரல் 20

மஞ்சள் பெட்டி ஜெயித்துவிட்டது. மேளம், மாலை, வெடி. எனக்கு ஓட்டு இல்லை, வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு, வீட்டு வரி அவர் பேரில். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டது மட்டும் என் பேரில்.

மே 10, திங்கள்

முதல் கோர்ட். திருமயத்துத் தையற்காரன் தைத்த கறுப்புக் கோட்டு. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சாவடிக்கு நடந்தார். சொர்ணம் பயந்து அழுதுவிட்டாள். பாவம், நடக்கத் தொடங்கிய குழந்தை, அப்பாவை அடையாளம் தெரியவில்லை.

வழக்கு ஒரு கோழி. மேலவீட்டுக்காரி என்னுடையது என்கிறாள், கீழவீட்டுக்காரி என்னுடையது என்கிறாள். விசாரணை முடிந்து தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தவருக்குச் சட்டென்று ஒரு ஞானம் பிறந்திருக்கிறது. கோழியை இவளுக்குக் கொடுத்தால் அவள் வகையறா ஓட்டுப் போச்சு. அவளுக்குக் கொடுத்தால் இவள் வகையறா போச்சு. வாய்தா போட்டுவிட்டு வந்துவிட்டார். சாப்பிடும்போது, "ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு தெருவை இழந்தா மூணு வருஷத்துல எனக்குன்னு எவன் மிஞ்சுவான்?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. சிரிப்பை அடக்க நான் மோர் எடுக்கப் போனேன்.

மே 24

வழி கண்டுபிடித்துவிட்டார். அய்யனார்!

கோழி வழக்கில் இரண்டு பேரையும் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார். யார் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறாளோ அவளுக்குக் கோழி. பெரிய வழக்கானால் சூடம் மட்டும் போதாது, பெற்ற பிள்ளையைச் சாமி முன்னால் தரையில் கிடத்தி அதைத் தாண்டிச் சத்தியம் பண்ண வேண்டும். பொய் சொன்னால் பிள்ளையை அய்யனார் பார்த்துக்கொள்வார். தோற்றவனுக்கு நீதிபதிமேல் கோபம் வராது. கோபப்பட வேண்டுமானால் சாமியிடம்தான் கோபப்பட வேண்டும், சாமிக்கு எலெக்‌ஷன் கிடையாது.

"எப்புடி?" என்று என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன். நான் கேலி செய்தால் அவருக்குத் தெரியாது, கல்யாணமான நாளிலிருந்தே அது ஒரு வசதி.

ஆகஸ்டு 2

அந்தக் கறுப்புக் கோட்டை அய்யனாருக்குப் போட்டிருக்கலாம். எல்லா வேலையும் அவர்தானே பார்க்கிறார்.

1938 பிப்ரவரி 14

கோர்ட் குமாஸ்தா நாகராசு காகிதம் வாங்க வந்தான். காதில் எப்போதும் ஒரு பேனா. ஊர்ப்பெண்கள் சாட்சிக்கு வந்தால் பெரும்பாடாம். புருஷன் பேர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். "ஒரு அம்மா, மலைமேல இருக்குற ஊரு, மொட்டை போடுவாகன்னுச்சு. நானும் பழனின்னு எழுதிட்டேம்மா. ஆளு வந்து சண்டைக்கு நிக்கிறாரு, அவரு பேரு திருப்பதியாம்." விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் போன பிறகு யோசித்தேன், என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அதன்பிறகு சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 25, வெள்ளி

மனசு ஆறவே இல்லை.

மீனம்மாள் என்று ஒருத்தி, களத்தில் நெல் புடைக்கிறவள். பெரியகருப்பன் வீட்டுக் கொலுசை அவள் திருடிவிட்டாள் என்று வழக்கு. நம் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரன் இந்தப் பெரியகருப்பன். நீதிபதி வழக்கம்போலக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். இன்றைக்கு விடாத மழை. கோயில் வாசலில் ஒரே சேறு. அந்தச் சேற்றில் பச்சைக்குழந்தையைக் கிடத்தி, தாண்டு தாண்டு என்று ஊரே நின்று சொல்லியிருக்கிறது. குழந்தை வீல் வீலென்று அழுததாம். அவள் தாண்டினாள். எடுக்கவில்லை என்று சொன்னாள். ஜெயித்தாள்.

இவர் வந்து தலையைத் துவட்டிக்கொண்டு தோசை கேட்டார். ஏங்க, அது குழந்தைங்க, கல்லா மண்ணா, ஈரத்துல போட்டு – என்று கத்திவிட்டேன். "நானா போடச் சொன்னேன்? சாமிதானே கேக்குது" என்றார். நாலு தோசை தின்றார்.

டிசம்பர் 6

மீனம்மாள் குழந்தைக்கு ஜுரம். அவள் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. மழையில் போட்டால் ஜுரம் வரும் என்று பேச ஒருவரும் இல்லை.

டிசம்பர் 29

குழந்தை பிழைத்துவிட்டது. கொலுசும் கிடைத்துவிட்டது, பெரியகருப்பனுடைய வைக்கோற்போரிலேயே. மீனம்மாளிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று நீதிபதியைக் கேட்டேன். "எதுக்கு? அவதான் ஜெயிச்சுட்டாளே!" என்றார்.

1939 செப்டம்பர் 5

சீமையில் சண்டை ஆரம்பித்துவிட்டதாம். ஜெர்மனிக்காரனையும் இங்கிலீஷ்காரனையும் நம் அய்யனார் கோயிலுக்கு அனுப்பிவைத்தால் தீர்ந்தது. நீதிபதியிடம் சொன்னேன். "யோசனை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

டிசம்பர் 18, திங்கள்

முனியாயியின் பசுவைக் குழந்தைசாமி அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

விவரமாக எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே வேண்டியிருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் நம் தொழுவத்தில் ஒரு கன்று பிறந்தது. என் அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்த பசு போட்டது. நாலு காலும் துவண்டு கிடந்தது, பால் குடிக்கவும் எழவில்லை. இன்றோ நாளையோ என்று இருந்தபோது முனியாயி வந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தெருத் தெருவாக மோர் விற்கிறவள். "குடுங்கம்மா, நான் பார்க்குறேன்" என்றாள். எடுத்துக்கொண்டு போ, இனி உன்னுடையது என்று கொடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு போனாள். நீதிபதி – அப்போது வெறும் மனிதர் – பக்கத்தில்தான் நின்றார். "போய்த் தொலையட்டும், குழி வெட்டுற வேலை மிச்சம்" என்றார்.

அந்தக் கன்றுதான் இன்றைக்குக் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. ஐப்பசியில் ஈன்றுவிட்டது. முனியாயிக்கு இப்போது இரண்டு வேளைச் சோறு என்றால் அந்தப் பசுதான். இதைப் பார்த்ததும் குழந்தைசாமிக்குக் கண் உறுத்தியிருக்கிறது. கன்றைச் சும்மா கொடுக்கவில்லையாம், வாரத்துக்கு விட்டதாம். வளர்த்துக் கொடுத்தால் பாதி வளர்த்தவளுக்கு, பாதி நம் குடும்பத்துக்கு. அவள் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முழுப் பசுவையும் கன்றோடு தன் தொழுவத்தில் கட்டிவிட்டான்.

முனியாயி கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டாள். தம்பி மேல் பிராது, அண்ணன் நீதிபதி. சித்திரையில் எலெக்‌ஷன், தம்பி கையில் கீழத்தெரு. திருமயத்துக்கு அனுப்பிவிடலாம் என்று நாகராசு சொன்னானாம். "அனுப்புனா தம்பி கோவிச்சுக்குவான். இங்கேயே இருக்கட்டும், சாமி பார்த்துக்கும்" என்றிருக்கிறார்.

1940 ஜனவரி 8, திங்கள்

இன்றைக்கு விசாரணை. அய்யனார் முறையில் ஓட்டை விழுந்துவிட்டது.

வழக்கப்படி முனியாயியைச் சத்தியம் பண்ணச் சொன்னாராம். அவளும் சரி என்றாளாம். குழந்தைசாமி எழுந்து, "இவளுக்குப் பிள்ளையா குட்டியா? எதை வச்சுத் தாண்டுவா? பொய் சொன்னாலும் சாமி இவகிட்டேருந்து எதை எடுக்கும்? இவ சத்தியம் செல்லாது" என்றானாம். கூட்டம் முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியதாம். நீதிபதியும் ஆட்டினாராம். சரி, நீ பண்ணு என்று அவனைக் கேட்டால், அவனுக்கு ஐந்து பிள்ளைகள், முகம் வெளுத்துப்போய், "நான் எதுக்குப் பண்ணணும்? குடுத்தது அண்ணி" என்றானாம்.

அப்புறம் முனியாயி பேசியதை நாகராசு வந்து அப்படியே சொன்னான். "ஐயா, சாமிகிட்டக் கேக்கணும்னா நான் நேரா கோயிலுக்குப் போயிருப்பேன். ஒங்ககிட்டக் கேக்கத்தானே இங்கிட்டு வந்தேன். சத்தியத்துக்குப் பிள்ளையில்ல. சாட்சி இருக்கு. அம்மாவைக் கூப்பிடுங்க."

அம்மா என்றால் நான்.

இருபத்திரண்டாம் தேதிக்கு வாய்தா.

ஜனவரி 10

இரண்டு நாளாக நீதிபதி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"கோர்ட்டுல கூப்பிட்டா, ஞாபகமில்லைன்னு சொல்லிரு."

"ஞாபகம் இருக்கே."

"அதான் சொல்றேன், இல்லைன்னு சொல்லிரு."

"நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க. குழி வெட்டுற வேலை மிச்சம்னு சொன்னீங்களே."

அவருக்கு அதுவும் ஞாபகம் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிறகு குரலை இறக்கி, "நீதிபதி பொஞ்சாதி சாவடியேறி நின்னா ஊரு சிரிக்கும். கீழத்தெரு போச்சுன்னா நான் தோத்தேன். ஒரு மாட்டுக்காக எம் பேரு கெடணுமா?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் அதிகம். பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? இந்த வீட்டை விட்டால் எனக்கு எங்கே போக்கிடம்? திருக்கோகர்ணத்தில் அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டா? இவர் அடிக்கிறவர் இல்லை. பேசாமல் இருக்கிறவர். அது மாசக்கணக்கில் போகும்.

பார்க்கலாம் என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். எல்லாத் தொழுவத்திலும் கொம்புக்கு வர்ணம். முனியாயி ஒரு மாலை கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் பொங்கலும் எடுத்துக்கொண்டு குழந்தைசாமி தொழுவத்துக்குப் போயிருக்கிறாள், தன் பசுவுக்குப் போட. வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். உள்ளேயிருந்து பசு இவள் குரலைக் கேட்டுக் கத்தியதாம். அப்படியே திரும்பி நம் வீட்டுக்கு வந்து அந்தப் பொங்கலைச் சொர்ணத்துக்குக் கொடுத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாருங்கள், சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காமல் போய்விட்டாளே, பாவி.

ஜனவரி 21

நாளைக்கு. போவதா, வேண்டாமா?

ஜனவரி 22, திங்கள்

போனேன்.

சாவடி நிறைய ஆள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நீதிபதி கறுப்புக் கோட்டில், நாற்காலியில், என்னை முன்பின் தெரியாதவர்போல முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகராசு எழுந்து, "அமிர்தவல்லி அம்மாள்" என்று கூப்பிட்டான். புருஷன் பேர் எழுதும் இடம் வந்ததும், "அதை நானே எழுதிக்கிறேம்மா" என்று எழுதிக்கொண்டான். நல்லவன்.

கன்று யாருடையது என்றான். என் அம்மா கொடுத்த பசு போட்டது, என்னுடையது என்றேன். வாரத்துக்குக் கொடுத்தீர்களா என்றான். இல்லை, சும்மா கொடுத்தேன், பிழைத்தால் உன்னுடையது என்று சொல்லிக் கொடுத்தேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தைசாமி துள்ளி எழுந்தான். "அண்ணி சொன்னா ஆச்சா? குடுக்குறப்ப வேற யாரு பார்த்தா? கேளுங்க!"

"வேற யாரும்மா இருந்தாக?"

"அவுக இருந்தாக."

"அவுகன்னா?" கேட்டுவிட்டு நாகராசு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஊருக்கே தெரியும் அவுக யார் என்று. ஆனால் குழந்தைசாமி விடவில்லை. "எந்த அவுக? பேரைச் சொல்லணும். பேரைச் சொன்னாத்தான் எழுதணும். சட்டம் அதான்!" சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நீதிபதி அப்போதுதான் முகட்டைவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் நிச்சயம். அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

"ஆவுடையப்பன்" என்றேன்.

ஒரு பெண்பிள்ளை "அய்யய்யோ" என்றாள். காது இரண்டும் எனக்குச் சுட்டன. வானம் இடிந்து விழவில்லை. அவர் நாற்காலியில் உயிரோடுதான் இருந்தார்.

இன்னொரு தடவை சொன்னேன். "நானும், முனியாயியும், ஆவுடையப்பனும் இருந்தோம். போய்த் தொலையட்டும்னு சொன்னது ஆவுடையப்பன்தான்."

குழந்தைசாமி கத்தினான். "பொய்! பிள்ளையைத் தாண்டிச் சத்தியம் பண்ணட்டும்! மத்தவுகளுக்கு ஒரு நியாயம், நீதிபதி வீட்டுக்கு ஒரு நியாயமா?" அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான பேச்சு அது. கூட்டமும் ஆமாம், தாண்டட்டும் என்றது.

"தாண்டுறேன்" என்றேன். "சொர்ணம் வாசல்லதான் விளையாடுறா. நாகராசு, தூக்கிட்டு வா. கோயிலுக்கே போவோம்."

நாகராசு ஓர் அடி எடுத்துவைத்தான். நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. ஆவுடையப்பன் எழுந்து நிற்கிறார். "வேணாம்! பிள்ளையை எவனும் தொடக் கூடாது. தரையில போடுறதுக்கா பெத்து வச்சிருக்கேன்?"

"எம் பிள்ளையை மட்டும் சேத்துல போடலாமோ?"

பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மீனம்மாள், இடுப்பில் அந்தக் குழந்தையோடு.

ஆவுடையப்பன் விழுந்த நாற்காலியைத் தானே தூக்கி நிறுத்தினார், உட்காரவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "கன்னு குடுத்தப்ப நானும் நின்னேன். சும்மாதான் குடுத்தா. பசு முனியாயிது. இனிமே இந்தக் கோர்ட்டுல சத்தியம் கிடையாது."

நாகராசு பேனாவை எடுத்தவன் தயங்கினான். "ஐயா, இதைத் தீர்ப்புன்னு எழுதவா, சாட்சின்னு எழுதவா?"

"எதையாச்சும் எழுதித் தொலை!"

மூன்று வருஷத்தில் அவர் சொன்ன முதல் தீர்ப்பு. சாயங்காலம் முனியாயி பசுவையும் கன்றையும் நம் தெரு வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். வேண்டுமென்றே சுற்றுவழி. கொம்பில் வாடிப்போன அந்த மாலை. நான் உள்ளேயிருந்து பார்த்தேன், அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23

பேசவில்லை.

பிப்ரவரி 19

இன்னும் பேசவில்லை. ரசத்தில் உப்புக் குறைந்தால் சொர்ணத்திடம் சொல்கிறார், சொர்ணம் என்னிடம் சொல்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஒரு குமாஸ்தா. சிரிப்பாக எழுதுகிறேன், நெஞ்சு வலிக்கிறது. பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் பேசிக்கொண்டிருப்பாரே என்று ஒரு நாள் தோன்றியது. ஒரே ஒரு நாள்தான்.

ஏப்ரல் 16

மஞ்சள் பெட்டி தோற்றது. பச்சைப் பெட்டி ஜெயித்தது. பச்சைப் பெட்டி யார்? குழந்தைசாமி! "அண்ணன் ஒழிச்ச சத்தியத்தை நான் கொண்டாருவேன்" என்று சொல்லியே ஓட்டுக் கேட்டான். ஊரும் போட்டது. சத்தியம் என்றால் ஊருக்கு அவ்வளவு ஆசை, அடுத்தவன் பிள்ளையைத் தாண்டுகிறவரைக்கும்.

இவர் வெயிலில் நடந்து வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தண்ணி குடு" என்றார். என்னிடம்தான், நேராக என்னிடம். தோற்றதற்கு வருத்தப்பட வேண்டும். வருத்தம் வரவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

நம் கொல்லைப் பூவரச மரத்தைப் பெரியகருப்பன் வெட்டி வண்டியில் ஏற்றிவிட்டான். பட்டப்பகலில், ஆள் வைத்து. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணால் பார்த்தேன். சத்தம் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரம் தன் கொல்லையில் நின்றது என்கிறான்.

ஆவுடையப்பன் கோர்ட்டுக்குப் போனார், தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றார். அதில் தம்பி. கறுப்புக் கோட்டும் புதுசு. "அண்ணே, ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவுக. வெள்ளிக்கிழமை சொர்ணத்தைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வந்துருங்க" என்றானாம்.

வந்து வாசற்படியிலேயே குதித்தார். "அவனுக்குப் புத்தி இருக்கா? இது கோர்ட்டா, கோயிலா? பார்த்தவனைக் கூப்பிட்டு விசாரிக்கணும், தீர்ப்புச் சொல்லணும். அதுக்குத்தானே நாற்காலி போட்டிருக்கு!" எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். பின்னாலேயே வந்தார். சிரித்ததைப் பார்த்துவிட்டார், ஆனால் கோபிக்கவில்லை. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டுனதை நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"நான் சாட்சிதான் போடப்போறேன். சத்தியத்துக்குப் போகமாட்டேன். நீ வந்து சொன்னா எடுபடும். ஊருக்கே தெரியும், நீ பொய் சொல்லமாட்டேன்னு."

ஊர் சிரிக்காதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "வாரேன்" என்றேன். "ஆனா நாகராசு புருஷன் பேரு கேப்பானே?"

கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

"சொல்லு. கொஞ்சம் சத்தமாவே சொல்லு. பின்னால நிக்கிறவனுக்கும் கேக்கணும்."